தவிட்டுக்குருவி சொன்ன பாம்பு

இருபது நாளாக ஆவுடையப்பன் தோட்டத்தில் ஒரு பாம்பு இருந்தது. அவர் அதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று தெருவில் சொல்லவும் ஆள் இல்லை. ஆனாலும் இருந்தது. தவிட்டுக்குருவிகள் அப்படித்தான் சொல்லின. தவிட்டுக்குருவிகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவர் மகள் உலகம்மை தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். இன்று புதன்.

மகளின் மாமியார் வீட்டில் முதலிலேயே கேட்டுப் பார்த்தார்கள். "தாய் இல்லாத வீட்டுல யார் பாத்துக்குவா? இங்கேயே நடக்கட்டுமே." ஆவுடையப்பன் விடவில்லை. "நான் இருக்கேன்லா" என்றார். முதல் பிரசவம் பெண்ணின் பிறந்த வீட்டில்தான் என்பது முறை. மனைவி போய்விட்டாள் என்பதற்காக முறையும் போய்விடுமா? பெரிய வாயாகச் சொல்லியாயிற்று. இப்போது அந்த வாயில் எச்சில்கூட இறங்க மாட்டேன் என்கிறது.

அறுபத்திரண்டு வயது மனிதர். காலையில் எழுந்ததும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுவார். கையில் ஆறடி மூங்கில் கம்பு. தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், முகத்துக்குக் கண்ணாடியும் இறக்கியபடி. பூட்ஸ் தரையில் கிடக்கிற பாம்புக்கு. ஹெல்மெட் கிளையில் கிடக்கிற பச்சைப்பாம்புக்கு. அது ஆளின் கண்ணைப் பார்த்துத்தான் கொத்தும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது, இன்னும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. இந்தக் கோலத்தில் இறங்கி ஒவ்வொரு செடியையும் குத்தி, அடித்து, கிளறிப் பார்ப்பார். சாயங்காலம் ஒரு தடவை மறுபடியும்.

வாசல் நிலையில் ஆகாசகருடன் கிழங்கு கறுப்புக் கயிற்றில் தொங்கியது. அது இருக்கிற வீட்டுக்குள் பாம்பு வராதாம். செடிகளின் அடி மூட்டுக்கெல்லாம் பூண்டும் பெருங்காயமும் கரைத்த தண்ணீர் ஊற்றியிருந்தார். தோட்டமே ரசம் கொதிக்கிற அடுப்படி மாதிரி மணந்தது. பாம்பு பிடிக்கிறவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், நிம்மதியா இருங்க" என்றார். நிம்மதியை அவர் கையோடு கொண்டு வந்து கொடுத்தால்தானே.

எதிர்வீட்டு அம்மாள் ஆறுதல் சொல்ல வந்தாள். "பிள்ளைத்தாச்சி இருக்கிற பக்கம் பாம்புக்குக் கண்ணு தெரியாது. பயப்படாதிய."

"பிள்ளை பொறந்த பொறவு?" என்றார் ஆவுடையப்பன். "அப்ப கண்ணு தெரிஞ்சிருமா?"

அவள் வந்த வழியே போய்விட்டாள்.

கண்ணை மூடினால் அவருக்குத் தொட்டில் தெரிந்தது. தொட்டிலுக்குக் கீழே ஏதோ நீளமாகக் கிடப்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தால் அது துண்டாகவோ கயிறாகவோ இருந்தது. எத்தனை நாள்தான் ஒரு மனிதன் இப்படித் துண்டையும் கயிற்றையும் பார்த்து வேர்த்துக்கொண்டிருப்பான்? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பொக்லைன் வரச் சொல்லிவிட்டார். எலுமிச்சை, செம்பருத்தி, கறிவேப்பிலை, கொடிப்பந்தல் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டுச் சிமெண்டு தளம் போட்டுவிடலாம். சிமெண்டில் பாம்பு வந்தால் வெட்ட வெளிச்சமாகத் தெரியும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. புதன் காலை ஆறரைக்கெல்லாம் குருவைப் பார்க்கப் புறப்பட்டார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் இசக்கியம்மாள். அடுத்த தெருவில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அவளைக் குரு என்று ஆவுடையப்பனைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை. அவள் காதில் விழுந்தால் அவளே சிரித்துவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவள் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்க ஆவுடையப்பன் அங்கே போனார். பின்கட்டில் மிஷின். மிஷினுக்கு எதிரே ஒரு சிறிய தோட்டம். முருங்கைக் கிளையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குருவி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. கரிச்சான். ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் அரைமணி நேரம் அங்கேயே நின்றார்.

"எங்க வீட்டுக்கும் இது வருமா?" என்று கேட்டார்.

"தண்ணி வைங்க அண்ணாச்சி."

"வச்சா வந்துருமா?"

"வச்சத மறந்துருங்க. வரும்."

அதுதான் முதல் பாடம். பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். தண்ணீர்ச் சட்டி விரல் ஆழத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உதிர்ந்த சருகைப் பெருக்கக் கூடாது, அதற்குள்தான் குருவிக்குச் சாப்பாடு இருக்கிறது. மருந்து அடிக்கக் கூடாது. ஒரே வருஷத்தில் வெறும் கட்டாந்தரையாய்க் கிடந்த பின்வாசலில் கரிச்சான் வந்தது, தேன்சிட்டு வந்தது, கொண்டைக்குருவி வந்தது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாய்க் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிப் போட்டுச் சண்டை போட்டன. செத்த வீடு மாதிரி இருந்த வீட்டில் சந்தடி வந்தது.

தினமும் காலையில் அடுப்படி ஜன்னலில் போனை வைப்பார். கோயம்புத்தூரில் எட்டாவது மாடியில் உலகம்மை அதைக் கேட்டுக்கொண்டே பல் தேய்ப்பாள். இருபது நாளாக அது நின்றுபோயிற்று. மகள் கேட்டால் "சிக்னல் சரியில்ல தாயி" என்றார். குருவிகளுக்குத்தானே பொய் சொல்லத் தெரியாது.

புதன் காலை அவர் போனபோது இசக்கியம்மாள் மிஷினை நிறுத்தாமலேயே, "வாங்க அண்ணாச்சி" என்றாள்.

"எந்த மூட்டுல இருக்குன்னு மட்டும் சொல்லிருங்கம்மா" என்றார் ஆவுடையப்பன். "நீங்க பாத்தாத் தெரிஞ்சிரும். இல்லன்னா ஒம்பது மணிக்கு மிஷின் வருது. எல்லாத்தையும் எடுத்துரப் போறேன்."

"எது?"

"பாம்பு."

"மகளுக்குச் சொல்லியாச்சா?"

"என்னன்னு சொல்ல? பாம்பு கிடக்கு, வராதன்னா? அவ மாமியாருக்கு அது போதுமே. பிறகு இந்தப் பக்கமே விட மாட்டாங்க." அவர் மிஷின் பக்கம் ஒரு எட்டு வைத்தார். "ஆனா சொல்லத்தான் வேணும்னா சொல்லிருவேன். வராத தாயின்னு சொல்லிருவேன். பிள்ளைய விட முறை பெருசா?"

"பாம்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. மேல வல்லூறு வந்தா ஒரு குருவி மெல்லிசா இழுத்துச் சத்தம் குடுக்கும், உடனே எல்லாம் கப்சிப். கீழ பாம்பு வந்தா அப்படி இல்ல. தாழ்ந்த கிளையில எல்லாம் கூடிக்கிட்டு, கழுத்த நீட்டி, கிர்ர்ரு கிர்ர்ருன்னு ஓயாமக் கத்தும். அந்தச் சத்தம்தான். காலையிலயும் சாயங்காலமும் தப்பாம எனக்குச் சொல்லுதுக."

"முத நாளு எங்க கத்துச்சு?"

"எலுமிச்சை மூட்டுல. போய்ப் பாத்தா சட்டை உரிச்சுப் போட்டிருக்கு. மூணு முழம் இருக்கும்."

"அது பாம்புதான்" என்றாள் இசக்கியம்மாள்.

ஆவுடையப்பன் பக்கத்தில் இருந்த துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதையும் பாருங்க. தவிட்டுக்குருவி முட்டை. மூணாம் நாளு அதே மூட்டுல கிடந்துச்சு. குடிச்சிட்டுப் போட்டிருக்கு. முட்டைய இன்னைக்குக் குடிச்சது, நாளைக்குத் தொட்டில்கிட்ட வராதா?"

பெட்டிக்குள் மூன்று ஓட்டுத் துண்டுகள் இருந்தன. நல்ல நீலம். இசக்கியம்மாள் அவற்றை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். மிஷினில் அவள் கால் நின்றது. மறுபடி பெட்டிக்குள் போட்டு அவரிடமே கொடுத்தாள்.

"வாங்க, போவோம்."

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்ததும் அவள் தோட்டத்துக்கு இறங்கவில்லை. பின்வாசல் கதவைச் சாத்தினாள். அடுப்படி ஜன்னல் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொன்னாள். கதவோரம் இருந்த பூட்ஸையும் கம்பையும் ஹெல்மெட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"உக்காரணும்."

"எவ்வளவு நேரம்?"

"அதுக நம்மள மறக்கிற வரைக்கும்."

உட்கார்ந்தார்கள். மணி ஏழேகால். ஆவுடையப்பனுக்கு உட்காரவே முடியவில்லை. கம்பு கையில் இல்லாமல் இருபது நாளில் இப்போதுதான் தோட்டத்தைப் பார்க்கிறார். சருகு ஒன்று அசைந்தால் எழப் பார்த்தார். கொடிப்பந்தலின் நிழல் அசைந்தால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இசக்கியம்மாள் ஒரு பிள்ளையின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வேலையைக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கரிச்சான் வந்து தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வாலைத் தூக்கியது. அணில் ஒன்று இறங்கியது. பிறகு தவிட்டுக்குருவிகள், ஒன்றன் பின் ஒன்றாகச் சுவரிலிருந்து குதித்தன. ஆறு இருந்தன. நேராக எலுமிச்சை மூட்டுக்குப் போயின.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். "ஐயோ, அங்கதான் இருக்கு. அதுகளுக்குத் தெரியலியே. விரட்டணும்."

இசக்கியம்மாள் தலையைத் தூக்காமல் கேட்டாள். "பாம்பு இருக்குன்னு உங்களுக்குச் சொன்னது யாரு?"

"அதுகதான்."

"இப்ப அதுகளுக்கே தெரியலங்கிய."

அவர் மெல்ல உட்கார்ந்தார். ஆறு குருவிகளும் சருகைக் காலால் தள்ளின, அலகால் புரட்டிப் போட்டன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஒன்று வெயிலில் ஒருக்களித்துச் சாய்ந்து இறக்கையை விரித்துக் கிடந்தது. கத்தவே இல்லை. வாய்க்குள்ளேயே ஏதோ பேசிக்கொள்கிற சத்தம்தான். இப்படி ஒரு காலையை ஆவுடையப்பன் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று. அது அவருக்கு இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது. இவ்வளவு அமைதியாக இருக்கிற இடத்தில்தான் அது கிடக்கும் என்று தோன்றியது.

"இப்ப இறங்குங்க" என்றாள் இசக்கியம்மாள். "தினமும் போற மாதிரியே போங்க. ஒண்ணையும் குறைக்க வேண்டாம்."

அவர் பூட்ஸ் போட்டார். ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கினார். கம்பை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

முதல் படியில் கால் வைக்கும்போதே சத்தம் கிளம்பிவிட்டது. கிர்ர்ர், கிர்ர்ர். ஆறும் விருட்டென்று எலுமிச்சையின் நடுக்கிளைக்குப் பாய்ந்தன. அணிலும் சேர்ந்துகொண்டது. 

"கேட்டியளா?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "வந்துட்டு."

"எங்க?"

"கீழதான் எங்கயோ."

"எங்கயோன்னா? அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ அந்தப் பக்கம்தான் பாம்புன்னு சொல்லிருக்கேன்லா. பாருங்க."

அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். ஆறு அலகும் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

ஒருவேளை தனக்குப் பின்னால் கிடக்கிறதோ என்று பதறித் திரும்பினார். பின்னால் வீட்டுச் சுவர்தான் இருந்தது.

செம்பருத்திப் பக்கம் நாலு எட்டு வைத்தார். ஆறு அலகும் செம்பருத்திப் பக்கம் திரும்பின. கறிவேப்பிலைப் பக்கம் நகர்ந்தார். கூடவே நகர்ந்தன. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கம்பை ஒரு முழம் உயர்த்தினார். சத்தம் இரண்டு மடங்கானது. ஒரு குருவி கிளை நுனிவரை இறங்கி வந்து, இறக்கையை உதறி, அவர் முகத்தைப் பார்த்துக் கத்தியது. அதற்குத் தொண்டை கிழிந்துவிடும்போல இருந்தது.

இருபது நாளும் பட்ட பயம் எல்லாம் ஒரு பயமா என்று அவருக்குத் தோன்றியது. அப்போது பாம்பு வெளியே எங்கோ கிடந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வந்து படியில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

இசக்கியம்மாள் கதவைத் திறந்து வந்து பக்கத்தில் நின்றாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"எலுமிச்சையில கீழ்க்கிளை ஒண்ணுகூட இல்லியே" என்றாள்.

"நான்தான் வெட்டுனேன். ரொம்ப அடைசலா இருந்துச்சு. உள்ள கம்ப விட்டு நல்லா அடிச்சுப் பாத்துட்டு, எல்லாத்தையும் வெட்டி வாரித் தெருமுனையில கொண்டு போய்ப் போட்டேன்."

"என்னைக்கு?"

"ரெண்டாம் நாளு."

"முட்டை ஓடு கிடந்தது?"

"மூணாம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

இசக்கியம்மாள் எலுமிச்சையில் வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "பாம்பு முட்டைய உடைச்சுக் குடிக்காது அண்ணாச்சி. முழுசா விழுங்கும். ஓடு கீழ விழாது."

ஆவுடையப்பனின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. அதைத் தொடக் கை வரவில்லை. பதினெட்டு நாளாக நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைத்தான் சாட்சியாகக் காட்டியிருக்கிறார்.

"எம் பிள்ளைக்காகத்தானே செஞ்சேன்" என்றார்.

"அதுகளும் பிள்ளைக்காகத்தான் கத்துதுக."

தெருவில் பொக்லைன் வந்து நின்றது. ஹாரன் அடித்த அடியில் தோட்டத்துக் குருவிகள் எல்லாம் பறந்துவிட்டன. ஆவுடையப்பன் பூட்ஸோடு தடதடவென்று வாசலுக்குப் போனார்.

"எங்க சார் ஆரம்பிக்கணும்?" என்றான் டிரைவர்.

"வேண்டாம் தம்பி. திருப்பிக்கிட்டுப் போயிரு."

"பாம்பு இருக்குன்னு சொன்னீங்களே?"

"இருந்துச்சு" என்றார் ஆவுடையப்பன்.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இத்தனை தூரம் வரச் சொல்லிவிட்டு விளையாடுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். அந்த இரைச்சல் தெருமுனையைத் தாண்டும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.

திரும்பி வந்தபோது இசக்கியம்மாள் ஊசியையும் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். புறப்படப் போகிறாள் என்று தெரிந்ததும் அவருக்குப் பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது.

"ஆனா முத நாளு கிடந்த சட்டை நெசந்தானம்மா" என்றார்.

"நெசந்தான்."

"அப்ப அது இங்க வந்து போற பாம்புதானே?"

"தோட்டம்னா வரும்."

"நாளை மறுநாள் எம் பிள்ளை வாறா. இன்னும் பத்து நாள்ல இந்த ஜன்னல் பக்கத்துல தொட்டில் தொங்கும். அது வந்தா? நான் காவல் இருக்காம எப்படிம்மா இருக்க?"

இசக்கியம்மாள் சீருடையை மடித்துப் பையில் வைத்தாள். வாசற்படி வரை போனவள் அங்கே நின்று திரும்பினாள்.

"இந்த இருவது நாள்ல அது ஒரு நாள்கூட வரலன்னு உங்களுக்கு யார் சொன்னா? வந்திருந்தா அதுக சொல்லித்தான் இருக்கும். நீங்க கம்போட நிக்கையில, எது உங்களப் பாத்துக் கத்துனது, எது பாம்பப் பாத்துக் கத்துனதுன்னு எதை வச்சுப் பிரிச்சிருப்பிய, அண்ணாச்சி?"

அவள் போன பிறகும் ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். போன் அடித்தது. உலகம்மைதான். அவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்து போனை எடுத்தார். அடுப்படி ஜன்னல் திட்டில் அதை வைத்துவிட்டு, அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா" என்றாள் உலகம்மை. "அப்பா? இருக்கியளா? சிக்னல் வந்துட்டா?"

குருவிகள் தன்னை மறந்து இறங்கட்டும் என்று அவர் அசையாமல் காத்திருந்தார்.